ரைடு அரை மணி, மீதி எட்டு மணி

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஹோட்டல் மேலாண்மை படித்தவர். பெரிய தீம் பார்க் ரிசார்ட் ஒன்றில் விருந்தினர் சேவைப் பிரிவு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. “விருந்தினர் அனுபவத்தை எப்படி மேம்படுத்துவீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? புதிய ரைடு வாங்கலாம், செல்போன் செயலி கொண்டுவரலாம் என்பதைத் தாண்டி ஏதாவது இருக்கிறதா? எங்கள் தெருவில் ஆண்டுதோறும் வேன் பிடித்துப் போகிறார்கள். திரும்பும்போது பாதிப் பேர் சலித்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஏன்?” என்பது அவருடைய கேள்வி.

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில் இருந்தே தொடங்குவோம். வேனில் திரும்பியவர்களிடம் எந்த ரைடு பிடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ரைடுகளைப் பற்றிக் குறை சொல்பவர் அரிது. வெயில், வரிசை, கால் சுட்டது, நுழைவாயிலில் பையைக் கொட்டிப் பார்த்தது, பாட்டி உட்கார நிழல் இல்லாதது, கழிப்பறைக்கு அரை கிலோமீட்டர் நடந்தது என்றுதான் பட்டியல் நீளும்.

இதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. காலை பத்து மணிக்கு உள்ளே போகும் குடும்பம் மாலை ஆறரைக்கு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் கூட்டத்தில் பத்து ரைடு ஏறிவிட்டால் பெரிய விஷயம். ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று நிமிடம். ஆக, இருக்கையில் கழிந்தது அரை மணி நேரம். மீதி எட்டு மணி நேரமும் நடப்பது, நிற்பது, தேடுவது, உடை மாற்றுவது, சாப்பிடுவது, பிள்ளையைச் சமாதானப்படுத்துவது. பூங்காக்கள் கோடிகளைக் கொட்டுவது அந்த அரை மணி நேரத்தில். குடும்பம் வாழ்வது இந்த எட்டு மணி நேரத்தில். நீங்கள் சேரப்போகும் பிரிவு இந்த எட்டு மணி நேரத்துக்குத்தான் பொறுப்பு. நேர்முகத் தேர்வில் இதை முதலில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

பூங்கா இயக்கப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான், வீடு திருவொற்றியூரில். அதனால் நம் பக்கத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அவர்களுக்குச் சரியாக அமைகிற பூங்கா எல்லோருக்கும் சரியாக அமையும் என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னையின் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, பழைய மகாபலிபுரம் சாலைக்கு அப்பாலோ, பூந்தமல்லியைத் தாண்டியோ இருக்கின்றன. எண்ணூரிலோ கொருக்குப்பேட்டையிலோ கிளம்பும் குடும்பம் நகரத்தின் முழு நீளத்தையும் கடந்து போக வேண்டும். அம்மாக்கள் நாலரை மணிக்கே எழுந்து புளிசாதம் கிளறியிருப்பார்கள். நுழைவாயிலில் நிற்கும் ஊழியருக்கு அப்போதுதான் நாள் தொடங்குகிறது. எதிரே நிற்கும் பெண்ணுக்கு அது ஆறாவது மணி நேரம். இதை உணர்ந்த பூங்கா, டிக்கெட் கவுண்டருக்கு முன்னாலேயே கழிப்பறையும் குடிநீரும் நிழலும் வைத்திருக்கும். பல இடங்களில் இவை டிக்கெட் கிழித்த பிறகுதான் கிடைக்கின்றன. வண்டியை விட்டு இறங்கிய மனிதருக்கு முதல் தேவை கழிப்பறை. அதைக் கொடுத்துவிட்டு வரவேற்புப் பாட்டைப் போட்டால் போதும்.

அடுத்தது பை சோதனை. ஒரு மேசையை மட்டும் கூர்ந்து பாருங்கள். ஒயர் கூடையைத் திறக்கச் சொல்கிறார் காவலர். முறுக்குப் பொட்டலம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை அட்டை, பால் புட்டி, மாற்று உள்ளாடை எல்லாம் பின்னால் நிற்பவர்கள் பார்க்க மேசைமேல் வருகின்றன. முறுக்கு ஒருபக்கம் வீசப்படுகிறது. கூடையைத் திரும்ப அடுக்க இடமில்லாமல் அந்தப் பெண் தரையில் குத்துக்காலிட்டு அடுக்குகிறார். அடுத்து காரில் வந்த குடும்பத்தின் தோல் பையை அதே காவலர் மேலோட்டமாகப் பார்த்து அனுப்புகிறார். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் குரல் மாறும் ஊழியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றும் பொறுக்காத காட்சி இது. அந்தக் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரே ஒரு சுற்றுலா நாள். அது அவமானத்தோடு தொடங்கக் கூடாது.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மேசைக்கு மூன்று பக்கம் தடுப்பு. பெண்களின் பைக்குப் பெண் ஊழியர். எல்லாப் பைக்கும் ஒரே அளவு சோதனை. திரும்ப அடுக்க ஒரு தனி மேசை. உள்ளே அனுமதிக்காத பொருளுக்கு டோக்கன் போட்டு மாலையில் திருப்பிக் கொடுக்கும் அலமாரி. கூடவே, வெளி உணவை உள்ளே விடாத பூங்கா வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கூரையும் குழாயும் உள்ள சாப்பாட்டுக் கூடம் ஒன்று கட்டட்டும். கையில் முத்திரை குத்தி வெளியே அனுப்பினால், மதியம் கட்டுச்சோறு தின்றுவிட்டுத் திரும்ப வரலாம். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களிலேயே விருந்தினர் தங்கள் உணவை உள்ளே கொண்டுபோக அனுமதி இருக்கிறது. அவர்களுடைய உணவகங்கள் அதனால் மூடப்பட்டுவிடவில்லை.

இனி வரிசை. உங்கள் வேலையின் பாதி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரிசைக்கு ஒரு கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-ல் நிறுவியது: வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு மணி நேரத்தில் ஏறுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருப்பு நேரம் கிடைத்துவிடும். 360 பேர் நிற்கிறார்கள், மணிக்கு 360 பேர் ஏறுகிறார்கள் என்றால், கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான். ஆகவே காத்திருப்பைக் குறைக்க இரண்டே வழி: நிற்பவர்களைக் குறைப்பது அல்லது ஏறுபவர்களைக் கூட்டுவது. பலரும் முதல் வழியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம்.

24 இருக்கை கொண்ட ரைடு. ஓடுவது இரண்டு நிமிடம். ஏற்றி இறக்க இரண்டு நிமிடம். நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று, மணிக்கு 15 சுற்று, 360 பேர். ஏற்றி இறக்குவதில் அரை நிமிடம் மிச்சம் பிடித்தால் மணிக்கு 17 சுற்று, 408 பேர். புதிய இயந்திரம் வாங்காமலே மணிக்கு 48 பேர் கூடுதல். அந்த அரை நிமிடம் எங்கே போகிறது என்று மேடையில் நின்று பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்த பிறகு செருப்பைக் கழற்றுகிறார்கள். கண்ணாடியை யாரிடம் கொடுப்பது என்று தேடுகிறார்கள். துப்பட்டாவை முடிச்சுப் போடுகிறார்கள், புடவை முந்தானையைச் செருகுகிறார்கள், செல்போனை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். இவை அனைத்தையும் வரிசையின் கடைசிப் பத்தடியிலேயே முடித்துவிடலாம். அங்கே ஓர் ஊழியரும் எண் போட்ட பெட்டிகளும் இருந்தால் போதும்.

காலி இருக்கையும் அப்படித்தான். சுற்றுக்கு நான்கு இருக்கை காலியாகப் போனால் மணிக்கு 60 பேர் இடம் வீண். வெளிநாட்டுப் பூங்காக்களில் தனியாக ஏறுபவர்களுக்கென்று ஒரு வரிசை வைத்து அந்த இடத்தை நிரப்புகிறார்கள். நம் மக்கள் குடும்பத்தை விட்டுத் தனியாக ஏற மாட்டார்கள். ஆகவே இங்கே வேறு வழி வேண்டும். மேடைக்கு முன்பே ஓர் ஊழியர் “எத்தனை பேர்?” என்று கேட்டு, ஐந்து பேர் குடும்பத்தையும் மூன்று பேர் குடும்பத்தையும் சேர்த்து எட்டு பேர் வரிசையாக நிறுத்திவிட வேண்டும். குரலும் சுறுசுறுப்பும் உள்ள ஒரு பிள்ளை அந்த இடத்தில் நின்றால் வரிசை நகர்வது கண்ணுக்குத் தெரியும். கூட்டமான நாளில் உங்கள் பிரிவின் மிகச் சிறந்த ஆளை நிறுத்த வேண்டிய இடம் அதுதான்.

காத்திருப்பின் மனநிலையைப் பற்றி ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. சும்மா நிற்கும் நேரம் நீளும். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் இன்னும் நீளும். காரணம் தெரியாவிட்டால் அதைவிட நீளும். அநியாயம் நடக்கிறது என்று தோன்றிவிட்டால் தாங்கவே முடியாது. இந்த நான்கையும் நாம் எல்லோரும் ரேஷன் கடை வரிசையிலும் மருத்துவமனை வராந்தாவிலும் பட்டிருக்கிறோம்.

எவ்வளவு நேரம் என்பதைப் பலகையில் தமிழிலும் எழுதி வையுங்கள், உண்மையாக எழுதுங்கள். டிஸ்னி பூங்காக்களில் வரிசையில் நுழையும் ஒருவரிடம் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ரைடின் வாசலில் வாங்கி, இடைப்பட்ட நேரத்தை அளக்கும் பழக்கம் இருந்தது. எந்தப் பூங்காவும் ஓர் அட்டையையும் கடிகாரத்தையும் வைத்து இதைச் செய்யலாம். சொன்ன நேரத்துக்கு முன்னதாக ஏறினால் மனம் மகிழும் என்பதற்காகச் சற்றுக் கூட்டிப் போடுவதும் உண்டு. ஐந்து நிமிடம் கூட்டினால் அது முன்னெச்சரிக்கை. இருபது நிமிடம் கூட்டினால் அது பொய்; மக்கள் இரண்டாவது ரைடிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரிசையில் நிற்பவரை உட்கார வைப்பதற்கு நமக்கு அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள பெரிய பூங்காக்களைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. திருப்பதிக்குப் போகாத குடும்பம் நம் தெருவில் குறைவு. வைகுண்டம் காத்திருப்பு வளாகத்தில் கூட்டத்தைக் கூடம் கூடமாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். பாலும் உணவும் கொடுக்கிறார்கள். கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. நேரம் குறித்த டோக்கனும் உண்டு. மணிக்கணக்கில் காத்திருந்தாலும் வயதானவர்கள் அதைப் பெரிய குறையாகச் சொல்வதில்லை. பக்தி ஒரு காரணம்தான். உட்கார இடமும், வயிற்றுக்கு ஏதோ ஒன்றும், அடுத்து நம் கூடம்தான் என்ற உறுதியும் இருப்பது இன்னொரு காரணம். கோடையில் ஒரு மணி நேரம் நிற்க வைக்கும் எந்த ரைடுக்கும் இப்படி ஒரு கூடம் கட்டாயம் வேண்டும்.

நியாயத்தைப் பற்றி ஒன்று. டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்ற முறையைக் கொண்டுவந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். சீட்டை எடுத்துக்கொண்டு வேறு இடம் சுற்றிவிட்டுக் குறித்த நேரத்தில் வரலாம். 2021-ல் அதன் இடத்தில் கட்டண முறை வந்தது, விருந்தினரின் மனக்குறையும் கூடவே வந்தது. இந்தியப் பூங்காக்களிலும் இப்போது கூடுதல் கட்டணத்துக்கு விரைவு வரிசை விற்கிறார்கள். வணிகம் என்ற முறையில் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பொது வரிசையில் பிள்ளையைத் தோளில் தூக்கி நிற்கும் தகப்பன் கண்முன்னே இருபது பேர் முந்திக்கொண்டு போனால், அவர் கொடுத்த டிக்கெட் பணத்துக்கு மதிப்பில்லை என்று நாமே சொல்லிவிடுகிறோம். சுற்றுக்கு இத்தனை இருக்கைதான் விரைவு வரிசைக்கு என்று ஓர் உச்சவரம்பு வைத்து, அதைப் பலகையில் எழுதிவிட வேண்டும். 24-ல் நான்கு என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பொங்கல், கோடை விடுமுறை ஞாயிறுகளில் அதன் விற்பனையை நிறுத்தியே விடலாம்.

இன்னொன்று, உயரம். ஒரு மணி நேரம் நின்ற சிறுவனை மேடையில் அளந்து “நீ ஏற முடியாது” என்று திருப்பி அனுப்புவதைப் போன்ற கொடுமை இந்தத் தொழிலில் வேறில்லை. நுழைவாயிலிலேயே பிள்ளைகளை அளந்து, உயரத்துக்கேற்ற நிறத்தில் கைப்பட்டை கட்டிவிடுங்கள். பட்டையின் உட்புறம் பெற்றோரின் செல்போன் எண்ணை எழுதினால் பிள்ளை தொலைந்தாலும் கண்டுபிடிப்பது எளிது. தீவுத்திடல் பொருட்காட்சியில் ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களே, அந்தப் பதற்றம் பாதியாகக் குறையும்.

வெயிலுக்கு வருவோம். பள்ளி விடுமுறை விடுவது மே மாதம். கத்திரி வெயிலும் அப்போதுதான். சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. பூங்காக்கள் நிரம்புவதும் அதே வாரங்களில். ஆனால் பூங்காவை வரைபவர்கள் ஏதோ குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து வரைந்ததுபோல் அகலமான கருங்கல் திடல்களை விட்டுவைக்கிறார்கள்.

பிற்பகல் ஒரு மணிக்கு அலைக்குளத்துக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடுவில் உள்ள தரையில் நின்று பிள்ளைகளின் பாதங்களைப் பாருங்கள். குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியில் ஓடுகிறார்கள். ஈரத் தடம் எங்கே இருக்கிறதோ அதன்மேல் தாவுகிறார்கள். ஒரு குழந்தை நடுவழியில் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி அழுகிறது. அம்மா தன் துண்டை விரித்து அதன்மேல் நிறுத்துகிறார். ஓடுகிற பிள்ளை வழுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். இதற்குப் பச்சைச் செயற்கைப் புல் விரிக்கும் பூங்காக்கள் உண்டு. அது கண்ணுக்குக் குளிர்ச்சி, காலுக்கு நெருப்பு. நேர் வெயிலில் சிமென்ட்டைவிட அதிகமாகச் சூடேறும். வெளிர் நிறச் சொரசொரப்புப் பூச்சு, மேலே நிழல்வலை, ஓரத்தில் துளைக்குழாய் போட்டு அவ்வப்போது தண்ணீர் ஓடவிடுவது ஆகியவைதான் பலன் தரும். தேங்காய் நார் விரிப்பும் நல்லதுதான், பாசி பிடிக்காமல் நாள்தோறும் கழுவி உலர்த்த ஆள் இருந்தால். நிழல் மரங்களையும் இப்போதே நட்டுவையுங்கள். புங்கமும் பூவரசும் கடற்கரைக் காற்றைத் தாங்கி வளரும்.

குடிநீரை எப்போதும் இலவசமாக, குளிரவைத்து, எந்த இடத்தில் நின்றாலும் கண்ணில் படுகிற தூரத்தில் கொடுங்கள். கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்த 1955 ஜூலை 17 அன்று நடந்ததை இந்தத் தொழிலில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். குழாய்ப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தால் கழிப்பறையா, குடிநீர்க் குழாயா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை, கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார்கள். போலி டிக்கெட்டுகளால் கூட்டம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். கடும் வெயில். சரியாக இறுகாத தார்ச்சாலையில் பெண்களின் குதிகால் செருப்புகள் புதைந்தன. குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரைத் தடுத்துவிட்டார்கள் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். உண்மை வேறு; ஆனாலும் தாகத்தோடு நிற்பவருக்கு அப்படித்தான் தோன்றும். இன்றைக்கு வேண்டுமென்றே குடிநீர்க் குழாயை மூலையில் ஒளித்துவைத்து பாட்டில் விற்கிற இடங்களைப் பற்றி மக்கள் என்ன பேசுவார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நீர் விளையாட்டுப் பகுதியில் நம் பெண்கள் அதிகம் மனம் நோகும் இடம் உடை விதி. பருத்தி உடையோடு குளத்தில் இறங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கும், சறுக்கில் சிக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். இதை முன்பதிவின்போதே யாரும் சொல்வதில்லை. குளத்துக்கரையில் விசில் அடித்து நிறுத்தி, கடைக்கு அனுப்பி, அங்கே விற்கிற விலைக்கு வாங்க வைக்கிறார்கள். டிக்கெட் வாங்கியதும் செல்போனுக்குத் தமிழில் குரல்பதிவாக ஒரு செய்தி போகட்டும்: என்ன உடை, என்ன கொண்டுவரலாம், என்ன கூடாது, லாக்கர் வாடகை எவ்வளவு. முழுக்கை, முழுநீள நைலான் உடைகளைக் குறைந்த வாடகைக்குத் துவைத்துக் கொடுங்கள். ராயபுரத்து இஸ்லாமியக் குடும்பங்களும் நம் வீட்டுப் பெரியம்மாக்களும் தயக்கமின்றி இறங்குவார்கள். குளத்தருகே மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி வந்தால் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கலந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த நெடிக்கும் கண்ணெரிச்சலுக்கும் காரணம். குளத்தில் இறங்குமுன் எல்லோரையும் குளிக்கவைப்பதும், நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் வைத்திருப்பதும், அளந்த நேரத்தோடு அதைப் பலகையில் எழுதுவதும் வேண்டும்.

பாலூட்டும் அறை: தமிழக அரசு 2015-லேயே பேருந்து நிலையங்களில் திறந்துவிட்டது. டிக்கெட் விற்கும் பூங்காவில் இல்லை என்றால் அதற்குச் சமாதானமே கிடையாது. சக்கர நாற்காலியும் சாய்தளமும் அப்படித்தான்.

சுத்தம் பற்றி இரண்டு நல்ல உதாரணங்களை மட்டும் சொல்கிறேன். நெதர்லாந்தின் எஃப்டலிங் பூங்காவில் குப்பைத் தொட்டி ஒரு குண்டு மனிதனின் திறந்த வாய். காகிதம் போட்டால் நன்றி சொல்லும். பிள்ளைகள் தரையில் கிடக்கும் காகிதத்தைத் தேடிப் பொறுக்கி வந்து அதற்கு ஊட்டுகிறார்கள். டோக்கியோ டிஸ்னிலாந்தில் தரை பெருக்கும் ஊழியர்கள் துடைப்பத்தை நீரில் தோய்த்துத் தரையில் பொம்மைப் படம் வரைகிறார்கள். அவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. நம்மூர்ப் பூங்காக்களில் துப்புரவுப் பணியாளர்களை விருந்தினர் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்கள். வழி கேட்க வேண்டும் என்றால் நம் மக்கள் முதலில் அணுகுவது அவர்களைத்தான். கோட்டு போட்ட மேலாளரிடம் போகத் தயங்குவார்கள்.

அதனால் ஊழியர் பயிற்சியில் முதலிடம் அவர்களுக்கு. பலர் வேறு மாநிலங்களில் இருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாதவர்கள். “வாருங்கள் அம்மா”, “இந்தப் பக்கம் நிழல் இருக்கிறது”, “பிள்ளைக்கு என்ன ஆயிற்று?” என்பது போன்ற முப்பது வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும். டிஸ்னி தன் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் முன்னுரிமை வரிசை நல்ல வழிகாட்டி. முதலில் பாதுகாப்பு, அடுத்து மரியாதை. பிறகு காட்சி, அதாவது பூங்காவின் தோற்றமும் நிகழ்ச்சிகளும். கடைசியில்தான் வேகம். 2021-ல் எல்லோரையும் அரவணைத்தல் என்பதையும் சேர்த்தார்கள். இரண்டு காரியம் மோதும்போது எது முந்த வேண்டும் என்று கடைநிலை ஊழியருக்குத் தெரிந்திருக்கும். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் விருந்தினரின் ஒரு சிக்கலைத் தீர்க்க எந்த ஊழியரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவிடலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம். கீழே விழுந்த ஐஸ்கிரீமுக்கு இன்னொன்று கொடுக்கவும், அறுந்த செருப்புக்கு மாற்றுச் செருப்பு எடுத்துத் தரவும் ஐந்நூறு ரூபாய் அதிகாரம் கொடுங்கள். கூடவே, வெயிலில் நிற்கும் ரைடு ஆபரேட்டருக்கு மணிக்கொரு முறை நிழல் மாற்று கொடுங்கள். நாக்கு வறண்டு நிற்கும் மனிதரிடம் புன்னகையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரைடு நின்றுவிட்டால்? 2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ரைடு அந்தரத்தில் நின்று, தீயணைப்புத் துறையினர் மக்களை இறக்கியதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். நின்றவுடன் என்ன செய்கிறோம் என்பதில் பூங்காவின் தரம் தெரிந்துவிடும். ரோலர் கோஸ்டர் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பார்கள். பேசின் பிரிட்ஜ், பெரம்பூர் ரயில்வே குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ரயில் சிக்னலின் அதே பிளாக் முறைதான். உணர்கருவிக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் வண்டி நின்றுவிடும். பெரும்பாலான நிறுத்தங்கள் இப்படிப் பாதுகாப்புக்காக நிற்பவைதான். மேலே தொங்குபவருக்கு அது தெரியாது. முதல் நிமிடத்துக்குள் ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு மனிதக் குரல் பேச வேண்டும். நின்றது ஏன், இப்போது என்ன செய்கிறோம், அடுத்து எப்போது பேசுவோம் என்று சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றும் புதிதாக இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டும். கீழே நிற்கும் உறவினர் பக்கத்தில் ஓர் ஊழியர் கட்டாயம் நிற்க வேண்டும்.

தங்கும் விடுதி பற்றிச் சுருக்கமாக. காலை எட்டு மணிக்கு வரும் குடும்பத்துக்கு அறை பிற்பகல்தான் கிடைக்கும். அதுவரை பெட்டியை யார் சுமப்பது? ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 2005-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் விமான நிலையத்தில் இறங்கியவர்களின் பெட்டி நேராக அறைக்குப் போய்விடும் வசதி இருந்தது. வாசலிலேயே பெட்டியை வாங்கி, குளிக்கவும் உடை மாற்றவும் ஒரு பொது அறை கொடுத்தாலே நம் ஊரில் பெரிய விஷயம். நீர் விளையாட்டு உள்ள ரிசார்ட்டில் துணி காயப்போடக் கொடி இல்லாத அறைகளைக் கட்டுகிறார்கள். ஈர உடைகள் நாற்காலி மேலும் கட்டில் மேலும் கிடக்கும், மெத்தை நனையும், விருந்தினரும் விடுதியும் மாறி மாறிக் குறைப்படுவார்கள். பால்கனியில் ஒரு மடக்குக் கொடி போதும். பூங்கா மூடும் நேரத்தில் எல்லா அறையிலும் ஒரே சமயத்தில் வெந்நீர் திறப்பார்கள் என்பதையும், அடுத்த ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வருவார்கள் என்பதையும் சமையலறைக்கும் பராமரிப்புப் பிரிவுக்கும் நினைவூட்டுவது உங்கள் வேலை.

நாளின் கடைசி ஒரு மணி நேரத்தைத் தனியாகக் கவனியுங்கள். உளவியலாளர் டேனியல் கானமன், 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர், ஒரு முக்கியமான செய்தியைக் காட்டினார். ஓர் அனுபவத்தை மனிதர்கள் நினைவில் வைப்பது அதன் உச்சத் தருணத்தையும் முடிவையும் கொண்டுதான். இடையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பது பெரிதாகக் கணக்கில் வருவதில்லை. உங்கள் தெரு வேன் சலித்துக்கொண்டு திரும்புவதன் காரணம் இதில் இருக்கிறது. பூங்கா மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் லாக்கருக்கு ஓடுகிறார்கள். முன்பணத்தைத் திரும்பப் பெற ஒரே கவுண்டர். உடை மாற்றும் அறையில் சேறு. வாகன நிறுத்தத்தில் இருட்டு. பிறகு நகரத்தின் முழு நீளம். காலையில் சிரித்து வரவேற்ற ஊழியர்கள் அப்போது கதவடைக்கும் அவசரத்தில் இருப்பார்கள். காலைப் பணியாளர்களில் கால்வாசிப் பேரை மாலைக்கு மாற்றுங்கள். முன்பணத்தைச் செல்போன் வழியே திருப்பி அனுப்புங்கள். வாசலில் சூடான சுக்கு காப்பியும் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுங்கள். விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, இரவு 11 மணி வரை. பூங்காவில் இருந்து ஒரு மெட்ரோ நிலையத்துக்கு இணைப்புப் பஸ் விட்டால் வேன் பிடிக்க வசதியில்லாத சின்னக் குடும்பங்களும் வடசென்னையில் இருந்து வரத் தொடங்கும். புதிய விருந்தினர்களைத் தேடி விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பஸ்ஸுக்குக் கொடுக்கலாம்.

கருத்துக் கேட்பதிலும் ஒரு திருத்தம் வேண்டும். செல்போனில் நட்சத்திரம் போடச் சொல்லும் படிவத்தைப் பாட்டியோ பத்து வயதுப் பிள்ளையோ நிரப்புவதில்லை. ரைடு ஏறாமல் பைகளைக் காத்துக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் உட்காருங்கள். அன்றைய நாளில் பூங்காவை அவர்தான் அதிகம் பார்த்திருப்பார். எந்தக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பது வரை சொல்வார்.

நேர்முகத் தேர்வுக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளில் மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என்று மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசிக்க வருகிற கூட்டத்தைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் நின்று பாருங்கள். பொது வரிசையும் சிறப்பு வரிசையும் எந்த இடத்தில் சேர்கின்றன, எந்தத் திருப்பத்தில் தள்ளுமுள்ளு வருகிறது, தண்ணீர் யார் கொடுக்கிறார்கள், முதியவர்கள் எங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் சேரப்போகும் பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிப் போய், ஏதேனும் ஒரு ரைடு மேடையில் சுற்றுக்கு எத்தனை இருக்கை காலியாகப் போகிறது, ஏற்றி இறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒரு மணி நேரம் எண்ணுங்கள். தேர்வு அறையில் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, இந்த ரைடில் மணிக்கு இத்தனை பேரைக் கூடுதலாக ஏற்ற முடியும், அதற்கு இந்த இடத்தில் ஓர் ஆளும் பத்துப் பெட்டியும் வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி, நீங்கள் எப்போது வேலையில் சேர முடியும் என்பதாகத்தான் இருக்கும்.